உவரிக்குப் போகிறவர்களுக்கு

திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரிக்குக் கடற்கரைச் சாலை வழியே போகிறவர்கள் உவரியில் வண்டியை நிறுத்தி, கப்பல் மாதா கோயில் முன்னால் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கப்பல் வடிவில் எழுப்பிய அந்தக் கோயில் பார்க்க வேண்டியதுதான். ஆனால் உவரியைப் பார்க்க வேண்டுமானால் காலையில் கரைக்கு வர வேண்டும். திசையன்விளையில் தங்கினால் வசதி, சுமார் 10 கிலோமீட்டர்தான். ஞாயிற்றுக்கிழமை மீன் தேடி வராதீர்கள். அன்று கடலுக்குப் போக மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலில் கூட்டம் இருக்கும்.

வள்ளம் கரையேறியதும் ஏலம். மொத்தமாகக் கேட்பவர்கள் வியாபாரிகள், நடுவில் புகுந்து விலை விசாரிக்கக் கூடாது. ஒதுங்கி நின்று, பிறகு கூறு வைத்து விற்கும் அக்காமாரிடம் வாங்குங்கள். சீலா எந்த ஊரிலும் கிடைக்கும். இங்கே வாங்க வேண்டியது சாளையும் (மத்தி) நெத்திலியும். சாளைக்குச் செவுள் சிவப்பாக இருந்தால் மட்டும் போதாது, வயிற்றையும் அமுக்கிப் பாருங்கள். இரையெடுத்த சாளையின் குடல்நீர் வெயிலில் வயிற்றையே அரித்துவிடும். வயிறு உடைந்த சாளை வீடு போய்ச் சேருமுன் கெட்டுவிடும். திருநெல்வேலி வரை கொண்டுபோக, ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உடைத்த ஐஸ்: அடியில் பாதி, மேலே பாதி. பெட்டியின் அடியில் துளை வேண்டும். உருகிய தண்ணீரிலேயே ஊறினால் சதை வெளுத்து ருசி போய்விடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான். நாட்டு வள்ளங்கள் அப்போதும் போகும். விலை மட்டும் ஏறியிருக்கும்.

கடலையொட்டியே சுயம்புலிங்க சுவாமி கோயில். கடல் மண்ணை ஓலைப்பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்து வந்து கரையில் குவிப்பது இங்கே நேர்த்திக்கடன். வைகாசி விசாகத்துக்குச் சுற்றுப்பட்டி சனம் முழுவதும் திரண்டுவிடும். அந்தோணியார் திருவிழா தை மாதத்தில் 13 நாள். வேளாங்கண்ணி அளவுக்குப் பேர் பெறாவிட்டாலும், ஒரே கரையில் இந்த இரண்டு திருவிழாக்களையும் பார்ப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

குளிக்க இறங்குமுன் கரையில் இருப்பவர்களிடம் கேளுங்கள். ஆனி, ஆடியில் கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கும்போது இறங்கவே வேண்டாம். சித்திரை வாக்கில் 'கள்ளக்கடல்' வேறு உண்டு. தூரத்துத் தென்கடலில் கிளம்பிய அலை, இங்கே காற்றே இல்லாத நேரத்தில் கரையேறும். கடல் அமைதியாக இருக்கிறதே என்று பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள்.

பங்குனி, சித்திரையில் வந்தால் வழியில் பதநீர் கிடைக்கும். காலை 9 மணிக்குள் குடித்துவிடுங்கள். கலயத்தில் தடவிய சுண்ணாம்பு குறைந்திருந்தால் வெயிலேற ஏறப் புளித்துவிடும். கூடியிருந்தால் தொண்டை காறும். முதலில் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுப் பனையோலைப் பட்டையில் ஊற்றச் சொல்லுங்கள்.