கடையில் பளிச், வீட்டில் தலைவலி

கடையில் ஐந்து நிமிடம் கேட்டால், சிம்பல் தட்டின் ஓசை பளிச்சென்று தெறிக்கும் ஸ்பீக்கர்தான் பிடிக்கும். அதையே வீட்டில் ஒரு மணி நேரம் கேளுங்கள், கை தானாக ரிமோட்டைத் தேடும். நம் காது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் மிக நுட்பமாக உணரும். பாடகியின் 'ஸ' சீறுவது அதற்கும் சற்று மேலே. இந்தப் பகுதிகளைக் கொஞ்சம் தூக்கி வைத்தால் "ஆஹா, என்ன தெளிவு!" என்று தோன்றும். விற்கவும் சுலபம்.

நம் வீடுகளும் அதற்கேற்ற மாதிரிதான்: டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர், கண்ணாடி ஜன்னல். கீச்சு ஒலியெல்லாம் மோதித் திரும்பி வரும். பணத்தைக் கொட்டி ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) மாற்றுவதற்கு முன்னால் ஒரு பவானி ஜமக்காளம் விரித்து, கனமான திரை போட்டுப் பாருங்கள். ஸ்பீக்கரையும் காதுக்கு நேராகக் குறிவைக்காமல் லேசாகத் திருப்பி வையுங்கள். கீச்சு ஒலியைத் தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரின் குத்தல் குறையும். எங்கள் ஹாலில் இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு நாகஸ்வரக் கச்சேரியே முழுதாக ஓடுகிறது.

அப்புறம், பாஸ் (கனத்த அடி ஒலி) போதவில்லை என்று சத்தத்தைக் கூட்டுவது இன்னொரு வம்பு. சத்தம் குறைந்தால் காதுக்கு பாஸ் முதலில் மங்குவது இயல்புதான். பழைய ஆம்ப்களில் 'லவுட்னஸ்' பொத்தான் வைத்தது இதற்காகத்தான். பல புது ஆம்ப்களில் அதை ஏன் எடுத்துத் தொலைத்தார்களோ!