ஏழு பேர் திறந்த நாலாம் பெட்டி

கொட்டு வாங்கியதெல்லாம் மறந்துவிட்டது. இரண்டு வாரம் கை வைக்காமல் இருந்திருந்தால் தானாகவே தேறியிருக்கும் பெட்டிக்குப் பணம் கொடுத்து ராணி வாங்கிப் போட்டு, அதைச் சாகவும் விட்டோமே, அதுதான் ஆறவில்லை. பொதுப் பண்ணையில் தேனீ வளர்ப்பு கற்கப் போகிறவர்கள் தேனீயைவிடக் கூட இருக்கும் ஆட்களைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும் என்பேன்.

வகுப்பில் சேருவது பெரிய விஷயமில்லை. ஆனால் பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: பெட்டியை எத்தனை முறை திறப்பீர்கள்? ஒரு பெட்டிக்கு எத்தனை பேர்? நாலு பேருக்கு மேல் சுற்றி நின்றால் பின்வரிசைக்கு முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும். எங்கள் குழுவில் ஏழு பேர். அதிலும் முதல் செய்முறை நாளன்று ஒவ்வாமை உறுதிமொழிப் படிவத்தில் அவசரத் தொடர்பு எண் விட்டுப்போயிற்று என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். படிவம் கேட்டது நியாயம்தான், கொட்டுப்பட்டு மூச்சு முட்டினால் நிமிடக்கணக்கில்தான் நேரம் இருக்கும். அதை வகுப்பு தொடங்கிய வாரமே சொல்லியிருக்கலாம். அடுத்த முறை மழை. மழையிலும் பலத்த காற்றிலும் குளிரிலும் பெட்டியைத் திறக்கக் கூடாது. இரை தேடப் போகும் தேனீயெல்லாம் வீட்டிலேயே கடுப்போடு உட்கார்ந்திருக்கும், திறந்த அடையில் வளரும் தேனீப் புழுவும் குளிர்ந்துபோகும். கிளம்பும் முன் ஒரு போன் பேசிவிடுங்கள்.

தேனீயை அமைதிப்படுத்தும் புகைமூட்டிதான் எல்லோரையும் படுத்தியது. கோணியை மொத்தமாகத் திணித்துவிட்டு மேலே நெருப்பு வைத்தால், பெட்டியைத் திறந்து முடிப்பதற்குள் அணைந்துவிடும். அடியில் காகிதம் நன்றாகப் பற்றிய பிறகு காய்ந்த புல், அது கனிந்த பிறகு கோணித்துண்டு, ஒவ்வொன்றுக்கும் இடையில் துருத்தியை அழுத்தி ஊத வேண்டும். கடைசியாக மேலே ஒரு பிடி பச்சைப் புல். வரும் புகையை உள்ளங்கையில் காட்டிப் பாருங்கள். சுட்டால் தேனீக்கும் சுடும். பொறி பறந்தால் இறக்கையே கருகும்.

இனி நாலாம் பெட்டி. எங்களிடம் இருந்தது ஐரோப்பியத் தேனீ, நாள் கணக்கெல்லாம் அதற்குரியது. ஒரு சனிக்கிழமை ஒரு குழு திறந்தது. அடை கட்டிய மரச் சட்டங்களுக்கு இடையில் தேனீ நடமாட 6 முதல் 9 மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்கும். ஓரச் சட்டத்தை முதலில் எடுத்து இடம் பண்ணாமல் நடுச் சட்டத்தை உருவினால் பக்கத்துச் சட்டத்தில் உரசித் தேனீ நசுங்கும். அன்று நசுங்கியது ராணி என்று பிறகுதான் ஊகித்தோம். புதன்கிழமை வேறொரு குழு திறந்து, அடையின் நடுப்பரப்பில் நிலக்கடலை போலத் தொங்கிய மூன்று ராணிக் கண்ணறைகளை (புது ராணி வளரும் அறைகளை) பார்த்திருக்கிறது. பார்த்தவர் அதைத் தன் கைப்பேசியில் குறித்துக்கொண்டார். பெட்டியின் குறிப்பு அட்டையில் எழுதவில்லை.

அந்தச் சனிக்கிழமைக்குப் பதினைந்தாம் நாள் ஞாயிறு, நாங்கள் திறந்தோம். முட்டை இல்லை, புழு இல்லை, மூடிய கண்ணறைகள் மட்டும். "ராணி போச்சு, உடனே புதுசு வாங்கணும்" என்றார் மேற்பார்வையாளர். கூண்டில் வந்த ராணியைச் செவ்வாய்க்கிழமை வைத்தோம். மூன்றாம் நாள் அது அடிப்பலகையில் செத்துக் கிடந்தது.

நிதானமாகக் கணக்குப் போட்டிருந்தால் தப்பித்திருக்கலாம். முட்டை 3 நாளில் பொரியும், பணித் தேனீயின் கண்ணறை ஏறத்தாழ 9ஆம் நாள் மூடப்படும், 21ஆம் நாள் தேனீ வெளியே வரும். மூடிய கண்ணறை மட்டும் இருக்கிறது என்றால் குறைந்தது 9 நாளாக முட்டை விழவில்லை, 21 நாள் ஆகவும் இல்லை. ராணி இறந்தால் பணித் தேனீக்கள் இளம் புழுவை எடுத்து அவசர ராணி வளர்க்கும். அது 12 நாள் வாக்கில் வெளியே வரும். வந்தவுடன் முட்டையிடாது. பறக்கப் பழகி, ஆண் தேனீக்களோடு கூடித் திரும்பி, முட்டையிட இன்னும் இரண்டு வாரம்கூட ஆகலாம். அந்த இடைவெளியில் பெட்டியைத் திறப்பவருக்கு ராணியே இல்லாதது போலத்தான் தெரியும். கன்னி ராணி ஒல்லியாக, வேகமாக ஓடும்; கண்ணில் படாது. அது உள்ளே இருக்கும்போது புது ராணியை வைத்தால் முடிவு இதுதான்.

தடயமும் எதிரிலேயே இருந்தது. ஒரு ராணிக் கண்ணறையின் நுனி, டப்பா மூடியைத் திறந்தது போல வட்டமாக வெட்டப்பட்டிருந்தது. உடைந்துபோனது என்று நினைத்தோம். நுனி வட்டமாகத் திறந்திருந்தால் ராணி பிறந்து வெளியேறிவிட்டது என்று பொருள். பக்கவாட்டில் கிழிந்திருந்தால் போட்டி ராணியைத் தீர்த்துக்கட்டியிருக்கிறார்கள்.

பிறகுதான் சோதனைச் சட்டம் போட்டோம். முதலில் செய்திருக்க வேண்டிய வேலை. வேறொரு பெட்டியிலிருந்து முட்டையும் பொடிப் புழுவும் உள்ள ஒரு சட்டத்தை எடுத்து, ஒட்டியிருக்கும் தேனீக்களை அந்தப் பெட்டிக்குள்ளேயே உதறிவிட்டு (அந்த ராணியும் சேர்ந்து வந்துவிடக் கூடாது) சந்தேகப் பெட்டியில் வையுங்கள். ராணி இல்லையென்றால் சில நாளில் அதில் ராணிக் கண்ணறை கட்டத் தொடங்கிவிடும். நான்கு நாள் கழித்துப் பார்த்தோம், ஒன்றுகூடக் கட்டவில்லை. அப்படியானால் உள்ளே ராணி உண்டு. மூடிவிட்டு ஒதுங்கினோம். 28ஆம் நாள், கண்ணறைக்கு ஒன்றாக, அடியில் நேராக நிற்கும் முட்டைகள். ஒரே கண்ணறையில் மூன்று நான்கு, அதுவும் பக்கச் சுவரில் என்றிருந்தால் பணித் தேனீயே முட்டையிடுகிறது என்று பொருள், அது வேறு தலைவலி.

சட்டம் மாற்றுவதில் இன்னொரு பயம் உண்டு. மூடி குழிந்து ஓட்டை விழுந்த, நாறும் கண்ணறை கண்ணில் பட்டால் தீக்குச்சியை விட்டு இழுத்துப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் பசை நூலாக நீண்டால் அமெரிக்கப் புழு அழுகல் நோயாக இருக்கலாம். அதன் வித்துகள் பல பத்தாண்டுகள் சாகாது. அந்தப் பெட்டியின் சட்டத்தையோ அதைப் பெயர்த்த உளியையோ வேறெங்கும் கொண்டுபோகாமல் உடனே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். பொதுத் தோல் கையுறையும் வேண்டாம். கொட்டிய வாசம் அதிலேயே தங்கி அடுத்த பெட்டியைக் கிளப்பிவிடும். கழுவி மாற்றக்கூடிய மெல்லிய ரப்பர் கையுறை மேல்.

தேன் எடுக்கும் நாளைச் சேர்ந்தபோதே நாட்காட்டியில் குறித்துவிட்டார்கள். தேனீக்கு நாட்காட்டி தெரியாதே. சட்டத்தில் பெரும்பகுதி மெழுகால் மூடியிருக்க வேண்டும். மூடாத பகுதியைக் கீழ்நோக்கி ஓங்கி உதறினால் துளி தெறிக்கக் கூடாது. ஈரப்பதம் 18 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 20ஐத் தாண்டினால் புளித்துவிடும், எங்களுடையதில் பாதி புளித்தது. தேன் சேரும் மேல் அறை பெட்டியில் இருக்கும்போதே யாரோ சர்க்கரைப் பாகும் ஊற்றியிருந்ததால் மீதியைத் தேன் என்று சொல்லவே கூச்சமாக இருந்தது. யார், எப்போது, எவ்வளவு ஊற்றினார்கள்? அட்டை அதிலும் காலி.

இப்போது ஒவ்வொரு பெட்டியின் மூடிக்கு அடியிலும் பென்சிலோடு அட்டை இருக்கிறது (பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும்): தேதி, முட்டை உண்டா, ராணிக் கண்ணறை எத்தனை, உணவு, மருந்து, திறந்தவர். எழுதாதவருக்கு அடுத்த முறை உளி கிடையாது. பழைய ராணியின் முதுகில் நிறப் புள்ளி இல்லாததும் எங்களைக் குழப்பியது. ராணி பிறந்த ஆண்டு 1, 6இல் முடிந்தால் வெள்ளைப் புள்ளி, 2, 7 மஞ்சள், 3, 8 சிவப்பு, 4, 9 பச்சை, 5, 0 நீலம். புதிய ராணிக்குப் புள்ளி வைக்கும் முன் ஆண் தேனீக்களைப் பிடித்துப் பழகிக்கொள்ளுங்கள். அவற்றுக்குக் கொடுக்கே கிடையாது.