மலைச்சாலை ஜீப்பின் சேஸிஸைப் பலப்படுத்துவது: பிளேட் எங்கே முடிகிறது?

கோத்தகிரி, கூடலூர் பக்கம் இன்றும் முட்டைக்கோஸும் தேயிலை மூட்டையும் ஏற்றி ஓடும் பழைய மஹிந்திரா ஜீப்புகளுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். சேஸிஸில் எங்காவது ஒரு சதுர பிளேட்டை நாலு பக்கமும் சுற்றி வெல்டு வைத்து ஒட்டியிருப்பார்கள். அந்த பிளேட்டின் ஓரத்தை ஒட்டியே மேலிருந்து கீழாக ஒரு புது விரிசல் இறங்கியிருக்கும். இரும்பு போதாததால் வந்த விரிசல் இல்லை அது. இரும்பு திடீரென்று முடிந்ததால் வந்தது.

கொண்டை ஊசி வளைவில் உள்பக்கம் செங்குத்தாகவும் வெளிப்பக்கம் சரிவு குறைவாகவும் இருக்கும். ஏறித் திரும்பும்போது எதிரெதிர் மூலைச் சக்கரங்கள் ஒருசேர உயர்ந்து, ஈரத்துணியைப் பிழிவதுபோல் சேஸிஸை முறுக்குகின்றன. கல்லட்டிப் பாதையில் இப்படி 36 வளைவுகள். கல் பாவிய எஸ்டேட் ரோட்டில் அடிக்கு ஒரு முறுக்கு.

இந்த ஜீப்புகளின் ரெயில், அதாவது சேஸிஸின் இரு பக்கமும் நீளவாக்கில் ஓடும் சட்டம், பெரும்பாலும் ஒரு பக்கம் திறந்த ‘சி’ சேனல். முறுக்குக்கு அது எவ்வளவு பலவீனம் என்று ஒரு கணக்குப் போடலாம். 100 மி.மீ. உயரம், 40 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிமன் உள்ள சேனலின் முறுக்கு எண் (முறுக்கை எதிர்க்கும் விறைப்பைக் காட்டும் எண்) சுமார் 1,600. திறந்த பக்கத்தை அதே 3 மி.மீ. பிளேட்டால் மூடிப் பெட்டியாக்கினால் சுமார் 6 லட்சம். முன்னூறு மடங்குக்கும் மேல். ஆனால் மேலிருந்து அழுத்தும் பாரத்தைத் தாங்கும் திறன் 30 சதவீதம் அளவுக்குத்தான் கூடும். பெட்டியடித்தாயிற்று, இனி இரண்டு மூட்டை சேர்த்து ஏற்றலாம் என்பவர்களுக்காகவே இந்தக் கணக்கு. முழு சேஸிஸும் முன்னூறு மடங்கு விறைப்பாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். இரண்டு ரெயிலையும் சேர்க்கும் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரின் இணைப்புகள் தளர்ந்திருந்தால் முறுக்கு அங்கே போய்விடும்.

(அம்பாசடருக்கும் பத்மினிக்கும் தனிச் சேஸிஸ் கிடையாது, பாடியே சேஸிஸ். இங்கே சொல்வது அவற்றுக்குப் பொருந்தாது.)

முதல் வேலை கழுவி, சுரண்டி, விரிசல் தேடுவது. ஸ்டீயரிங் பாக்ஸ் உட்காரும் இடம், ஸ்பிரிங் பட்டையின் இரு முனைகளையும் சேஸிஸில் பிடிக்கும் ஸ்பிரிங் ஹேங்கர், ஷாக்கிள் பிராக்கெட், கிராஸ் மெம்பர் சேரும் மூலைகள் ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மண்ணெண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டு, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவினால் விரிசல் கோடாக ஊறி வெளியே தெரியும். சுத்தியலால் தட்டும்போது ‘ணங்’ என்று கேட்காமல் ‘டப்’ என்று கேட்டால் அங்கே துரு தின்றிருக்கிறது. அந்த இடத்தை வெட்டி எடுத்துப் புது இரும்பு வைக்க வேண்டும். துருவின் மேல் பிளேட் ஒட்டுவது வீண்.

பெட்ரோல் டேங்க்கைக் கழற்றி வேறு இடத்தில் வையுங்கள். காலி டேங்க்தான் அதிக ஆபத்து, உள்ளே ஆவி நிற்கும். பிரேக் பைப், வயரிங், பேட்டரி, ஆல்டர்னேட்டர் இணைப்பு எல்லாம் கழற்றியாக வேண்டும். எர்த் கிளாம்ப்பை வெல்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். கரண்ட் வீல் பேரிங் வழியாகப் போனால் பேரிங் போச்சு.

அடுத்து அளவு. நம் ஊரில் சமதளத் தரை கிடைப்பதே அபூர்வம் என்பதால் தரையை நம்பாமல், சேஸிஸை நாலு ஸ்டாண்டில் ஏற்றி டியூப் லெவல் வைத்து மட்டம் பிடிக்க வேண்டும். தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி வைத்து, குறுக்கு மூலைகள் இரண்டையும் அளந்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் 5 மி.மீ.க்கு மேல் இருந்தால் முதலில் நேராக்க வேண்டும். கோணலாக இருக்கும்போது பெட்டியடித்தால் அந்தக் கோணல் நிரந்தரம்.

விரிசலின் நுனியைக் கண்டுபிடித்து, அதற்குச் சற்று முன்னால் 4 அல்லது 5 மி.மீ. துளை போடுங்கள். இல்லாவிட்டால் வெல்டுக்கு அடியிலேயே விரிசல் ஓடிக்கொண்டிருக்கும். பிறகு ‘வி’ வடிவில் தேய்த்து, அடிவரை நிரப்பி, மட்டமாகத் தேய்த்து, அதன்பின் பிளேட். பிளேட்டின் தடிமன் ரெயிலின் தடிமனைத் தாண்டக் கூடாது. முனைகளை மீன் வால் மாதிரியோ வைர வடிவிலோ வெட்ட வேண்டும். ரெயிலுக்குக் குறுக்காக, நேர் செங்குத்தாக ஒரு வெல்டுகூட வரக் கூடாது. மேல், கீழ் விளிம்புகளின் ஓரத்தில் வெல்டு முடிவதும் ஆகாது, இழுவிசை அதிகம் இருப்பது அங்கேதான். பிளேட்டின் நடுவில் 12 மி.மீ. துளைகள் போட்டு அவற்றை வெல்டால் நிரப்பினால் பிடிப்பு பரவலாகும்.

பெட்டியடிக்கும்போது பிளேட்டைச் சேனலின் வாய்க்குள் 3 மி.மீ. உள்ளே தள்ளி வைத்தால் வெல்டு உட்கார இடம் கிடைக்கும். மூடும் முன் யோசிக்க வேண்டியவை நிறைய. பாடி மவுண்ட் போல்ட்டின் நட்டுக்கு ஸ்பேனர் எட்டுமா? ரெயிலை ஊடுருவும் போல்ட் ஒவ்வொன்றுக்கும் உள்ளே குழாய்த் துண்டு வைத்தாயிற்றா? அது இல்லாமல் முறுக்கினால் பெட்டி நசுங்கும். தண்ணீர் வடிய, பள்ளமான இடங்களில் 12 மி.மீ. ஓட்டைகள் கட்டாயம். பனியும் மழையும் சேர்ந்து, மூடிய பெட்டியை உள்ளிருந்தே அரித்துவிடும்.

வெல்டு சுருங்கும்போது ரெயிலைத் தன் பக்கம் இழுக்கும். அதனால் இரண்டு ரெயிலுக்கும் நடுவே 40 மி.மீ. ஆங்கிள் ஒன்றைத் தற்காலிகமாக டேக் (சிறு புள்ளி வெல்டு) அடித்து நிறுத்துங்கள். 30 மி.மீ. நீளம் வெல்டு, 150 மி.மீ. இடைவெளி. அடுத்தது எதிர் ரெயிலில், அதற்கடுத்தது கீழ் விளிம்பில். கை வைக்கும் அளவுக்கு ஆறிய பிறகே விட்ட இடங்களை நிரப்ப வேண்டும். அவசரத்தில் தண்ணீர் ஊற்றி ஆற்றவே கூடாது. ஒவ்வொரு சுற்றுக்கும் பின் குறுக்களவை மறுபடி பாருங்கள்.

வெல்டிங் ராடு 2.5 மி.மீ. 6013 ரகம் என்றால் 60 முதல் 90 ஆம்பியர். 7018 இன்னும் நல்லது, ஆனால் ஈரம் ஏறிய 7018 ஊட்டிப் பனியில் உபயோகமில்லை. 300 டிகிரிக்கு மேல் ஒரு மணி நேரம் சுட்டு எடுக்கும் அடுப்பு இல்லாத பட்டறையில் 6013 போதும், அதையும் உலர்வாக வைத்திருக்க வேண்டும். காலையில் இரும்பில் பனி வியர்த்திருக்கும். புளோ லேம்ப்பால் சூடு காட்டி உலர்த்தாமல் ஆர்க் அடித்தால் வெல்டு பஞ்சுபோல் ஓட்டை ஓட்டையாக வரும். மிக் வெல்டிங்கை வெளியில் செய்தால் காற்று கேஸை அடித்துக்கொண்டு போய்விடும். தார்ப்பாய் கட்டியாவது மறையுங்கள்.

தளர்ந்த ரிவெட் தலையைச் சுற்றி வெல்டு வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ரிவெட்டை எடுத்து, துளையை ரீமர் போட்டுச் சரிசெய்து, இறுக்கமாகப் பொருந்தும் 8.8 கிரேடு போல்ட் போட வேண்டும். முன்பாதியை மட்டும் பெட்டியடித்தால், பெட்டி முடியும் இடத்தில் பிளேட்டை ஓரடி நீளத்துக்கு மெல்லக் கூராக்கி விடுங்கள். அதுவும் ஸ்பிரிங் ஹேங்கருக்கு அருகில் முடியக் கூடாது.

சேஸிஸ் எண் பொறித்த இடத்தில் கிரைண்டரும் வெல்டும் அண்டக் கூடாது, எஃப்.சி.யில் (தகுதிச் சான்றுப் பரிசோதனையில்) வண்டி நின்றுவிடும். வண்டியில் செய்யும் மாற்றங்களுக்கு 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இருக்கிறது. டி.என். 43 வண்டி என்றால் வேலையைத் தொடங்கும் முன்பே ஊட்டி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

ரெட் ஆக்சைடு, பெயிண்ட் எல்லாம் வெளியே. உள்ளே வடிகால் ஓட்டை வழியாக வாக்ஸ் அல்லது எண்ணெய் பீய்ச்ச வேண்டும். 500 கி.மீ. ஓடியதும் அதே மண்ணெண்ணெய், அதே சாக்பீஸ் பொடி. இந்த முறை பிளேட்டின் முனைகளில்.