பிரைமஸ் கைப்பிடி இழுத்த ஊர்

பாஸ்டனில் தங்கை வீட்டில் தங்கியிருந்த மூன்று வாரத்தில் நானாகக் கேட்டுப் போன ஊர் போர்ட்ஸ்மத் ஒன்றுதான். வடக்கே ஒன்றரை மணி நேரத்துக்குள் பஸ் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. பிஸ்காடகுவா ஆறு கடலைத் தொடும் இடத்தில், செங்கல் கடைகளும் பழைய மரவீடுகளுமாக இருக்கும் சிறிய துறைமுக ஊர். அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருபது வருடம் உட்கார்ந்தவன் நான். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் முதல் அச்சகம் இருந்த ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டுப் பார்க்காமல் திரும்ப மனம் ஒப்பவில்லை.

அந்த அச்சகத்தை இங்கே கொண்டுவந்தவர் டேனியல் ஃபௌல். முதலில் பாஸ்டனில் தொழில் செய்தவர். 1754-இல் மதுபானங்கள் மீதான வரி மசோதாவையும் அதைப் பற்றிய சட்டமன்ற விவாதத்தையும் கேலிசெய்து ஒரு துண்டுப் பிரசுரம் வெளியானது. அதை அச்சிட்டவர் என்ற சந்தேகத்தில், சாப்பிட்டுக்கொண்டிருந்தவரை எழுப்பி அழைத்துப்போய்ச் சிறையில் அடைத்தார்கள். உள்ளே இருந்தது சில நாட்கள்தான், ஆனால் அந்த அவமானம் அவரை விடவில்லை. மறு வருடமே, நடந்ததையெல்லாம் எழுதி ஒரு சிறுநூலாக வெளியிட்டார். அதன் தலைப்பைத் தமிழில் ‘சுதந்திரத்துக்கு முழுக் கிரகணம்’ என்று சொல்லலாம். பிறகு பாஸ்டனே வேண்டாம் என்று போர்ட்ஸ்மத்துக்கு வந்தார். 1756 அக்டோபர் 7-ஆம் தேதி ‘நியூ ஹாம்ப்ஷயர் கெஜட்’டின் முதல் இதழ் வெளிவந்தது. அந்தப் பெயரில் இன்றும் இங்கே ஒரு பத்திரிகை வருகிறது.

இவ்வளவும் படித்தபோது எனக்கு அவர்மேல் மரியாதை உண்டாகியிருந்தது. ஆனால் ப்ளெசன்ட் தெருவில் நடக்கும்போது நான் தேடியது வேறொருவரின் பெயரை. ஊரின் கறுப்பின மக்களுடைய வரலாற்றைச் சொல்லும் பலகைகளைத் தெருத்தெருவாகப் பதித்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று பிரைமஸ் ஃபௌலுக்கு உரியது. ஃபௌல் என்பது எசமானரின் குடும்பப் பெயர். பிரைமஸ் அவருடைய அடிமை. கெஜட்டை அச்சுப்பொறியில் வைத்து அடித்த கைகள் அவருடையவை.

மரத்தாலான பழைய கை அச்சுப்பொறியில் வேலை செய்வது என்ன என்பதைத் தொழில் தெரிந்தவர்கள் உணர்வார்கள். கம்பளி திணித்த தோல்பந்து இரண்டில் மையைத் தோய்த்து, எழுத்துகளைக் கோத்து இறுக்கிய பாரத்தின் மேல் சீராகத் தட்டவேண்டும். ஈரப்படுத்திய தாளை வைத்து, பலகையை உள்ளே தள்ளி, கைப்பிடியை உடம்பின் முழு எடையோடு இழுக்கவேண்டும். தள்ளி மறுபடி ஒரு இழுப்பு. ஒரு தாளின் ஒரு பக்கத்துக்கே இரண்டு இழுப்பு. தாள் காய்ந்த பிறகு மறுபக்கத்துக்கும் அதே வேலை. ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று பிரைமஸின் நினைவுப் பலகையின் முன் நின்றபடி கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன். முதுமையில் பிரைமஸின் உடல் வளைந்துபோயிருந்தது. ஆண்டுக்கணக்கில் அச்சுப்பொறியின் முன் குனிந்து நின்றதால் வந்த வளைவு. என்னோடு வேலை பார்த்த அச்சுப்பொறிக்காரர் ஒருவருக்கு ஒரு தோள் மட்டும் எப்போதும் தாழ்ந்திருக்கும். வருடக்கணக்காகத் தினமும் பார்த்தும், அது ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அது அங்கே நினைவுக்கு வந்தது.

1765-இல் ஆங்கிலேய அரசு, பத்திரிகைகளையும் சேர்த்து, முத்திரைத்தாள் வரி போட்டபோது, அது நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய நாளான அக்டோபர் 31-இல், ஃபௌலின் பத்திரிகை துக்கக் குறியாகக் கறுப்புக் கட்டம் போட்டு வெளிவந்தது. அரசு தங்களை அடிமைகளாக்கப் பார்க்கிறது என்று வரியை எதிர்த்தவர்கள் எழுதிக் குவித்த காலம் அது. அதே பத்திரிகையின் பக்கங்களில் மனிதர்களை விற்பதற்கும், தப்பி ஓடியவர்களைப் பிடித்துத் தருவதற்கும் விளம்பரங்கள் வந்தன. அந்தக் கட்டங்களுக்கும் மை தடவவேண்டியிருந்தது. சில நாள் சிறையைக் கிரகணம் என்று எழுதிய மனிதருக்குத் தன் அச்சகத்தின் உள்ளேயே இருந்தது கண்ணில் படாமல் போனதை என்னால் ஆறப்போட முடியவில்லை. அது அந்தக் காலத்து வழக்கம் என்பார்கள். அதே காலத்தில், அதே ஊரில், அது தவறு என்று தெளிவாக எழுதிக் கொடுத்தவர்கள் இருந்தார்கள்.

அவர்களைப் பார்க்கச் செஸ்ட்நட் தெருவுக்குப் போனேன். 2003-இல் தெருவைத் தோண்டியபோது சவப்பெட்டிகள் தட்டுப்பட்டன. 1705-ஆம் ஆண்டு வரைபடத்திலேயே குறிக்கப்பட்டிருந்த கறுப்பின மக்களின் இடுகாடு அது. அதன்மேல் ஊர் வளர்ந்து தெருவும் போட்டிருந்தார்கள். வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, 2015-இல் அங்கே நினைவிடம் அமைத்திருக்கிறார்கள். நுழைவிடத்தில் ஒரு கருங்கல் பலகை. ஒரு பக்கம் ஆண், மறுபக்கம் பெண். கல்லைச் சுற்றி ஒருவரை நோக்கி ஒருவர் கை நீட்டுகிறார்கள், விரல்கள் தொடவில்லை. உள்ளே தரையில் நீளும் கல்லில், 1779 நவம்பரில் போர்ட்ஸ்மத் அடிமைகள் 20 பேர் சட்டமன்றத்துக்கு எழுதிய மனுவின் வரிகள். சுதந்திரம் மனித குலத்துக்கு இயல்பாகவே உள்ள உரிமை என்று அதில் எழுதியிருக்கிறார்கள். இந்த விஷயத்தில் முடிவெடுக்க இன்னும் காலம் கனியவில்லை என்று சட்டமன்றம் 1780-இல் ஒத்திவைத்துவிட்டது. அந்த ஜூலையில் கெஜட் மனுவை வெளியிட்டது. வாசகர்கள் பார்த்துச் சிரிப்பதற்காக.

அந்தக் கல்லின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு அம்மா கைக்குழந்தையோடு வந்து, ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசித்துக்காட்டிவிட்டுப் போனார்.

பிரைமஸைப் பற்றி ஒரு சம்பவத்தை 19-ஆம் நூற்றாண்டில் ஊர் வரலாற்றை எழுதியவர் ஒருவர் பதிந்துவைத்திருக்கிறார். ஃபௌலின் மனைவி இறந்து சவ ஊர்வலம் கிளம்புகிறது. எசமானருக்கு இடப்பக்கம் நடக்கவேண்டிய பிரைமஸ் வலப்பக்கம் நடக்கிறார். “அந்தப் பக்கம் போ” என்று ஃபௌல் மெதுவாகச் சொல்கிறார். பிரைமஸ் காதில் வாங்கவில்லை. மறுபடியும் சொல்கிறார். அப்போது ஊர்வலத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி, ஒரு வசைச்சொல்லோடு, “நீயே அந்தப் பக்கம் போ!” என்கிறார் பிரைமஸ். இதை ஊரார் வேடிக்கைக் கதையாகச் சொல்லிவந்தார்களாம். நான் அப்படி வாசிக்கவில்லை. அந்த வீட்டுச் சாவு அவருக்கும் சாவு. தனக்கு எந்த இடம் என்பதை அன்று ஒருநாள் அவரே முடிவு செய்திருக்கிறார்.

ஃபௌல் 1787-இல் இறந்தார், பிரைமஸ் 1791-இல். பிரைமஸுக்காக ஓர் இரங்கற்பாவும் எழுதினார்கள். மண்ணுக்கடியில் சத்தமில்லாமல் ஓய்வெடுக்கிறார், இனிக் குறும்புக்காரச் சிறுவர்களின் தொல்லை இல்லை என்று அது சொல்கிறது.

மனுவில் கையெழுத்திட்ட 20 பேரில் 14 பேர் அடிமைகளாகவே இறந்தவர்கள். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 2013-இல் சட்டம் போட்டு அந்த 14 பேருக்கும் விடுதலை அளித்தது. திரும்பும் பஸ்ஸில் அந்த 20 பெயர்களைக் கைபேசியில் எடுத்து ஒவ்வொன்றாக வாசித்தேன். பிழை திருத்துபவனின் பழக்கம், கடைசிப் பெயர் வந்ததும் மறுபடி மேலிருந்து தொடங்கினேன். பிரைமஸ் அதில் இல்லை.