1,200 பிள்ளைகள், ஒரே ஷீட்

நான் வேலை பார்ப்பது அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை சுமார் 1,200 பிள்ளைகள். கணக்கு டீச்சருக்குக் கம்ப்யூட்டரும் வரும் என்று யார் சொன்னார்களோ, எமிஸ் (பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் விவரத் தளம்) வேலை, உதவித்தொகைப் பட்டியல், பத்தாம் வகுப்பு நாமினல் ரோல் (பொதுத்தேர்வு எழுதுவோர் பட்டியல்) எல்லாம் என் தலையில் விழுந்தன. கூடவே ஒரு பென்டிரைவ். வகுப்புக்கு ஒரு ஃபைல்; 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'கரெக்ட் ஃபைனல்' என்று பெயர்கள்.

எல்லாவற்றையும் ஒரே எக்செல் ஷீட்டுக்குக் கொண்டுவந்தால்தான் பிழைக்க முடியும் என்று தெரிந்தது. ஆனால் பெயரை வைத்துச் சேர்க்க முடியாது. எஸ். பிரியா, பிரியா எஸ், பிரியா.எஸ் மூன்றும் ஒரே பிள்ளையாக இருக்கலாம், மூன்று பிள்ளைகளாகவும் இருக்கலாம். அதனால் முதல் நெடுவரிசையில் பிள்ளையின் எமிஸ் எண், அடுத்ததில் சேர்க்கை எண், ஒரு பிள்ளைக்கு ஒரே வரி என்று வைத்துக்கொண்டேன். மற்ற ஃபைல்களிலிருந்து அந்த எண்ணைத் தேடி விவரத்தை எடுத்துத் தரும் வி-லுக்கப் (VLOOKUP) ஃபார்முலா போட்டு இழுத்தால் பாதிக்கு மேல் 'கிடைக்கவில்லை' என்றே வந்தது. ஒரு ஃபைலில் அந்த எண் எண்ணாக இருந்தது, இன்னொன்றில் எழுத்தாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், எக்செலுக்கு வேறு வேறு. எல்லாவற்றையும் எழுத்தாக மாற்றியதும் ஒழுங்காக வந்தது.

ரொம்பப் படுத்தியது பிறந்த தேதி. பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்திருக்கிறது. அதில் 05/08/2010 என்று அடித்தால் ஆகஸ்ட் 5 அல்ல, மே 8. 25/08/2010 என்று அடித்தால் 25-வது மாதம் கிடையாது என்பதால் அதை வெறும் எழுத்தாகவே விட்டுவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது: தேதியாக ஏற்றுக்கொண்டதைக் கட்டத்தின் வலது ஓரத்திலும், எழுத்தாக விட்டதை இடது ஓரத்திலும் எக்செல் காட்டும். ஒரே நெடுவரிசையில் இரண்டும் கலந்திருந்தால் சந்தேகப்பட வேண்டியது இடது ஓரத்தை அல்ல, வலது ஓரத்தை. ஒழுங்காகத் தெரிகிற அந்தத் தேதிகளில்தான் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும். எழுத்தாக நின்றவற்றில் நாள் 12-க்கு மேல், அதனால் அவை தப்பித்தன. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறப்போகிற தேதி என்பதால் ஃபார்முலாவில் திருப்பிப் போட்டதோடு விடாமல், சேர்க்கைப் பதிவேட்டை விரித்து வைத்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன்.

அப்புறம் வங்கிக் கணக்கு எண். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் சரியாக வைத்துக்கொள்ளும். 16 இலக்கக் கணக்கு எண்ணை அப்படியே அடித்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். முன்னால் பூஜ்யம் இருந்தால் அதுவும் காணாமல் போகும். 12 இலக்க ஆதார் எண் நடுவில் ஓர் ஆங்கில எழுத்தோடு விகாரமாகத் தெரிந்தாலும் உள்ளே பத்திரமாக இருக்கும், ஃபார்மட்டை மாற்றினால் திரும்பிவிடும். கணக்கு எண் திரும்பாது. பாஸ்புக் நகலை மறுபடி வாங்குவதைத் தவிர வழியில்லை. அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட்டால் இந்தத் தொல்லையே கிடையாது. இறக்கிய சிஎஸ்வி ஃபைலையும் (விவரங்களைக் கமாவால் பிரித்து வைத்த எழுத்து ஃபைல்) இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், டேட்டா மெனு வழியாக உள்ளே எடுத்து அதே மாதிரி மாற்றிவிடுகிறேன்.

கடைசிச் சரிபார்ப்பு பிள்ளைகள் கையில். ஆதார், வங்கி எண் நெடுவரிசைகளை எடுத்துவிட்டு வகுப்புவாரியாக அச்செடுத்துக் கொடுத்தேன். "டீச்சர், எங்க அப்பா பேருக்கு கே போடணும், ஜி போட்டிருக்கு" என்று ஒரு பையன் வந்து நின்றான். எந்த ஃபார்முலாவும் அதைப் பிடித்திருக்காது. சிவப்பு மையில் திருத்திய தாள்களை வகுப்பாசிரியர்கள் கையெழுத்திட்டுத் தருவார்கள். பதிவேட்டோடு ஒத்துப்போனால் நான் ஷீட்டில் ஏற்றுவேன். ஒத்துப்போகாதவை பிறப்புச் சான்றிதழோடு தலைமையாசிரியர் மேசைக்குப் போகும். மற்றவர்களுக்குப் பார்ப்பதற்கு பிடிஎஃப் மட்டும்தான். எக்செலாகவே கேட்டு இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள், இன்னும் கொடுக்கவில்லை.