முகப்புக் கிராதிக்கு ரெண்டு பூ: கொல்லையில் அலுமினியம் வார்த்த அனுபவம்

பள்ளத்தூரில் எங்கள் வீட்டு மாடி முகப்பில் வார்ப்பிரும்புக் கிராதி ஒன்று உண்டு. கம்பிகளின் தலையில் தாமரை மொட்டு மாதிரி பூக்கள், மொத்தம் 22. போன வருஷத்துக்கு முந்தின ஐப்பசி மழையில் வேப்பமரக் கிளை முறிந்து விழுந்ததில் ரெண்டு பூ போய்விட்டது. ஒன்று சில்லுச் சில்லாக உடைந்து திண்ணையில் கிடந்தது. இன்னொன்று கிடைக்கவே இல்லை.

வீடு ஏழு புள்ளிக்கு, அதாவது ஏழு குடும்பங்களுக்கு, பொது. ஆவணியில் பங்காளி வீட்டுக் கல்யாணம் இங்கேதான் என்று முடிவானது. தெருவில் வருகிற யாரும் முதலில் அண்ணாந்து பார்ப்பது அந்தக் கிராதியைத்தான். ரெண்டு பல் விழுந்த வாய் மாதிரி அது நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் மூன்று சாயங்காலம் தேடினேன். இடிக்கப்பட்ட வீடுகளின் கிராதிகள் அங்கே சுவரோரம் சாத்திக் கிடக்கும். பூ இருந்தது, எங்கள் பூ இல்லை. கோயம்புத்தூரில் ஒரு வார்ப்படப் பட்டறையில் கேட்டேன். ரெண்டு உருப்படிக்காக அச்சுக் கட்டுவது அவர்களுக்குக் கட்டாது. அது நியாயமும்தான்.

அப்போதுதான் எங்கள் ஊர் ஆசாரி அண்ணன் சொன்னார். எழுபது வயதைத் தாண்டியவர், வாலிபத்தில் கோயம்புத்தூரில் மோல்டிங் வேலை பார்த்தவர். “தம்பி, அது பாரம் தாங்குற சாமான் இல்ல, அலங்காரம். அலுமினியத்துல ஊத்தி கருப்பு பெயின்ட் அடிச்சா தெருவுலேர்ந்து யாருக்குத் தெரியும்? கொல்லையிலேயே ஊத்தலாம்.”

வார்ப்பிரும்பு உருக 1,150 டிகிரிக்கு மேல் வேண்டும். பித்தளை 900 டிகிரியைத் தாண்டும், அதில் உள்ள துத்தநாகம் வெள்ளைப் புகையாகக் கிளம்பி நெஞ்சை அடைக்கும். அலுமினியம் 660 டிகிரியில் இளகிவிடும். கரியும் ஒரு ஊதியும் இருந்தால் எட்டுகிற சூடு அது. கரிக்கு நம் பக்கத்தில் பஞ்சமா? சிவகங்கை, ராமநாதபுரம் முழுக்கச் சீமைக்கருவேலம், ஊருக்கு ஊர் கரிமூட்டம்.

உலை கட்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய இரும்பு பெயின்ட் டின், உள்ளே நெருப்புச் செங்கல், இடுக்கில் நெருப்புக் களிமண், கீழே காற்றுக்கு ஒரு குழாய், அதில் கொல்லர்கள் வைத்திருக்கும் சின்ன மின் ஊதி. நிழலில் பத்து நாள் காயவைத்து, பிறகு மூன்று நாள் சிறு தீ போட்டுப் பழக்கினேன். ஈரம் உள்ளே இருக்கும்போதே பெருந்தீ மூட்டினால் பூச்சு வெடித்து உதிரும்.

உருக்குவதற்கு முதலில் ஓர் இரும்புச் சட்டியை எடுத்தேன். ஆசாரி அண்ணன் தடுத்துவிட்டார். உருகிய அலுமினியம் இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். சட்டி மெலிந்து ஒருநாள் ஓட்டையாகும். கரைந்த இரும்பு அலுமினியத்தை நொறுங்கும்படியாக ஆக்கும். ஒரு கிலோ அலுமினியம் கொள்ளும் கிராஃபைட் மூசை, அதாவது உலோகம் உருக்கும் கிண்ணம், வாங்கினேன். அதையும் முதல் தடவை மெதுவாகச் சூடேற்றி ஈரம் போக்க வேண்டும்.

உலோகத்தில்தான் எனக்கு முதல் அடி. வீட்டில் கிடந்த அலுமினிய ஜன்னல் சட்டத் துண்டுகளையும் குளிர்பான டின்களையும் போட்டு உருக்கினேன். டின் தகடு மெல்லிசு. உருகுவதற்குள் பாதி ஆக்சைடாகிக் கசடாக மேலே வந்துவிட்டது. ஜன்னல் சட்டம் உருகியது, ஆனால் அச்சுக்குள் ஓடவில்லை. இதழ் நுனி நிரம்பாமல் மொட்டையாக நின்றது, காம்பில் ஒரு வெடிப்பு. நெளிந்து ஓடுவதற்கு அலுமினியத்தில் சிலிக்கன் வேண்டும். ஜன்னல் சட்டம் அச்சுத் துளை வழியே பிதுக்கி எடுப்பதற்காகச் செய்த கலவை, அதில் சிலிக்கன் மிகக் குறைவு. வார்ப்பதற்கென்றே செய்த கலவை வேறு. அது எங்கே கிடைக்கும்? வண்டிப் பட்டறையில். தேய்ந்துபோன பிஸ்டன்களில் பெரும்பாலானவற்றில் சுமார் 12 சதவீதம் சிலிக்கன் இருக்கும். தேவகோட்டை ரஸ்தாவில் ஒரு மெக்கானிக் கடையிலிருந்து ஒரு சாக்கு வாங்கி வந்தேன். வளையம், இரும்புப் பின் எல்லாம் கழற்றி, டீசலில் கழுவி, ரெண்டு நாள் வெயிலில் காயப்போட்டேன். டீசல் இன்ஜின் பிஸ்டன் சிலவற்றில் வளையப் பள்ளத்தில் இரும்பு வளையம் ஒன்று பதிந்திருக்கும். அலுமினியம் உருகியதும் அது அடியில் தங்கும். இடுக்கியால் எடுத்துவிட வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய வண்டிச் சாமான்களில் மெக்னீசியக் கலவை கலந்து வரலாம். அது உலையில் தீப்பிடித்தால் எளிதில் அணைக்க முடியாது. கையில் தூக்கினாலே அலுமினியத்தைவிட லேசாக இருக்கும். சந்தேகம் வந்தால் அரத்தால் சுரண்டிய இடத்தில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் ஒதுக்கி வையுங்கள்.

மணலைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வேலையில் முக்கால் பங்கு மணல்தான். நைசான மணலை மாவு சல்லடையில் சலித்தேன். பசைக்கு முதலில் கண்மாய்க் கரம்பையைக் காயவைத்து இடித்துச் சேர்த்தேன். அதிலிருந்த மக்கிய இலை, வேர் எல்லாம் சூட்டில் புகையாகி, வார்ப்பின் தோல் அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிட்டது. பிறகு எர்த் குழிக்கு எலக்ட்ரீஷியன் போடுகிற பெண்டோனைட் வாங்கினேன். பத்துப் பங்கு மணலுக்கு ஒரு பங்கு. தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசறினேன். பதம் எப்படித் தெரியும்? ஆத்தா புட்டுக்கு மாவு பிசறுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்குக் கை சொல்லிவிடும். ஆனால் புட்டு மாவு உதிரும், இது உதிரக் கூடாது. ஒரு பிடி பிடித்தால் விரல் ரேகை பதிய வேண்டும். ரெண்டாக உடைத்தால் உடைந்த விளிம்பு கூராக நிற்க வேண்டும். கையில் ஈரம் ஒட்டினால் தண்ணீர் அதிகம்.

மாதிரி வடிவத்துக்கு மரம் கடையவில்லை. மீதி இருந்த பூக்களில் ஒன்றையே கழற்றினேன். உயரம் 14 சென்டிமீட்டர், எடை ஒரு கிலோ நூறு. இதழ்களுக்கு அடியில் உள்வாங்கிய இடங்களை மெழுகால் நிரப்பினேன். இல்லாவிட்டால் எடுக்கும்போது மணலையும் பிய்த்துக்கொண்டு வரும். அலுமினியம் ஆறும்போது நீளத்தில் சுமார் 1.3 சதவீதம் சுருங்குமென்பதால் புதுப் பூ ரெண்டு மில்லிமீட்டர் போலக் குட்டையாக வரும். மாடி உயரத்தில் அதை யார் அளக்கப் போகிறார்கள்?

அடியில்லாத ரெண்டு மரப்பெட்டி. பூவைப் படுக்கவைத்து, கீழ்ப்பெட்டி மணல் பாதிவரை, மேல்ப்பெட்டி மணல் மீதிக்கு. ரெண்டும் சேரும் இடத்தில் முகப்பவுடர் தூவினால் ஒட்டாது. ஊற்றுவாய் ஒன்று, காற்றுப் போக சைக்கிள் கம்பியால் குத்திய துளைகள் பத்துப் பதினைந்து.

பிஸ்டன் அலுமினியத்தை ஊற்றிய முதல் பூ பார்க்க அழகாக வந்தது. திருப்பிப் பார்த்தால் தடித்த காம்பில் கட்டைவிரல் போகிற அளவுக்குக் குழி. உருகிய அலுமினியம் உறையும்போது கன அளவில் ஆறேழு சதவீதம் வரை சுருங்கும். சிலிக்கன் இருந்தால் கொஞ்சம் குறையும். மெல்லிய இதழ் முதலில் உறைந்து, தனக்கு வேண்டியதைக் காம்பிலிருந்து இழுத்துக்கொள்கிறது. காம்பு கடைசியில் உறைகிறது, அதற்குக் கொடுக்க ஆளில்லை. “கடைசியில உறையுற இடத்துக்குப் பக்கத்துல, அதைவிடத் தடிமனா ஒரு ரைசர் வை தம்பி. அது காம்புக்குப் பால் கொடுக்கும்,” என்றார் ஆசாரி அண்ணன். நான் படித்த எந்த விளக்கத்தையும்விட அந்த ஒரு வார்த்தை எனக்கு விளங்கியது.

ரைசர் என்றால் உருகிய உலோகம் கூடுதலாக நிற்க அச்சில் விடும் தடித்த துளை. அதை வைத்து ஊற்றிய அடுத்த பூவில் குழி இல்லை. ஆனால் அரம் போட்டால் உள்ளே ஊசித் துளைகள். அன்று மணலில் தண்ணீர் கூடிவிட்டது. அவசரத்தில் 800 டிகிரிக்கு மேல் விட்டுவிட்டேன். ஈரத்திலுள்ள ஹைட்ரஜனை உருகிய அலுமினியம் குடித்துக்கொள்ளும், சூடு ஏற ஏற அதிகம் குடிக்கும். உறையும்போது வைத்துக்கொள்ள முடியாமல் குமிழியாகக் கக்கும். அதன்பின் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் மீட்டர் இல்லாமல் ஊற்றுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். 720இலிருந்து 740 டிகிரி. கிண்டுவது கிடையாது. கசடை ஒருமுறை ஒதுக்கிவிட்டு, கை நிறுத்தாமல் ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும்.

பாதுகாப்பைத் தனியாகச் சொல்கிறேன், தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள். தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கும் மேல் விரியும். உருகிய உலோகத்துக்கு அடியில் ஒரு சொட்டு மாட்டினால் அது அத்தனையையும் முகத்தில் தூக்கி அடிக்கும். புதிதாகப் போடும் துண்டு, கரண்டி, இடுக்கி எல்லாவற்றையும் உலை விளிம்பில் சூடாக்கிய பிறகுதான் உள்ளே விட வேண்டும். சிமெண்டுத் தரையில் சிந்தினால் தரைக்குள் இருக்கும் ஈரமே தரையைச் சில்லாகத் தெறிக்கவைக்கும். அதனால் கொல்லையில் அரை அடிக்குக் காய்ந்த மணல் பரப்பி, அதன்மேல்தான் நின்றேன். தோல் பூட்ஸ், அதற்கு வெளியே தொங்கும் பருத்தி பேன்ட், தோல் கையுறை, முகக் கவசம். பாலியஸ்டர் துணி உடம்பில் உருகி ஒட்டும். தீ அணைக்கப் பக்கத்தில் வைப்பது காய்ந்த மணல் வாளி, தண்ணீர் வாளி அல்ல. பகல் வெளிச்சத்தில் உருகிய அலுமினியம் கனலாது, காய்ச்சிய பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். பார்த்துச் சூட்டை மதிப்பிட முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலை வேண்டாம். நான் பங்குனியில் ஆரம்பித்து சித்திரையில் முடித்தேன்.

மூன்றாவதும் நான்காவதும் சரியாக வந்தன. ஒவ்வொன்றும் 410 கிராம் போல. ஊற்றுவாயையும் ரைசரையும் வாளால் அறுத்து, இதழ் இடுக்குகளை அரத்தால் சீவ ஒரு முழு நாள் ஆனது. மணல் வார்ப்பின் சொரசொரப்பைத் தேய்த்துப் போக்கவில்லை. பழைய பூவிலும் அதே தோல்தானே இருக்கிறது.

ஆத்தா நான்காவது பூவைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இம்புட்டு நல்லா வருதே, எனக்கு ஒரு பணியாரக்கல் ஊத்திக் குடுப்பா,” என்றாள். அவள் எப்போதோ ஒன்று கேட்பாள், அதற்கும் நான் மறுப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. கடையில் நாம் இண்டாலியம் என்று வாங்கும் சட்டியும் பணியாரக்கல்லும் வார்த்த அலுமினியம்தான். ஆனால் என் மூசையில் உருகியது பிஸ்டன். அதில் செம்பு இருக்கும், நிக்கல் இருக்கும். பழைய உலோகத்தோடு ஈயம்கூடக் கலந்து வந்திருக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல வழியில்லை. புளியும் தக்காளியும் அலுமினியத்தைக் கரைக்கும். கொல்லையில் வார்த்தது அடுப்படிக்கு வரவே கூடாது. ஆத்தாவுக்கு இரும்புப் பணியாரக்கல் ஒன்று வாங்கி, எண்ணெய் தடவிப் பழக்கிக் கொடுத்தேன். வெள்ளைப் பணியாரம் அதில் ஒட்டாமல் வருகிறது.

இந்த வேலைக்குப் பிறகு வீட்டுச் சாமான்களைப் பார்க்கும் கண் மாறிவிட்டது. தையல் மிஷின் உடம்பில் ஓடும் மெல்லிய கோடு ரெண்டு அச்சுகள் சேர்ந்த இடம். இஸ்திரிப் பெட்டியின் அடிப்பாகம், மோட்டார் சைக்கிள் இன்ஜின் உறை எல்லாம் அலுமினிய வார்ப்பு. மாவு மில் மோட்டாருக்குள் சுழலும் ரோட்டரின் கம்பிகள்கூடப் பெரும்பாலும் இரும்புத் தகடுகளின் பள்ளத்துக்குள் அலுமினியத்தை உருக்கிச் செலுத்தியவையே.

பூவைப் பொருத்துவதில் ஒரு சங்கதி. அலுமினியமும் இரும்பும் நேராகத் தொட்டுக்கொண்டு மழையில் நனைந்தால் அலுமினியம் அரிக்கும். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டியது. உலோக அரிமானம் அங்கே நடக்கும் பெரிய ஆராய்ச்சிகளில் ஒன்று. அந்த மதில் ஓரமாகவே பள்ளிக்கூடம் போய் வந்தவன் நான், அரிமானம் என்றால் என்னவென்று இந்தப் பூவுக்காகத்தான் படித்தேன். காம்பில் துளை போட்டு 10 மில்லி மரை எடுத்து, கிராதிக்கும் பூவுக்கும் நடுவே நைலான் வாஷர் வைத்து, ரெண்டு பக்கமும் பிரைமர் அடித்துத்தான் முறுக்கினேன். அதன்மேல் கருப்பு பெயின்ட்.

கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னால் சென்னையிலிருந்து வந்த பங்காளி அண்ணன் முகப்பில் நின்று பூக்களை எண்ணினார். “எதுப்பா புதுசு?” என்றார். மாடிக்குக் கூட்டிப் போய் ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டச் சொன்னார். சத்தத்தில்தான் கண்டுபிடித்தார். இரும்பின் கனத்த சத்தத்துக்கு நடுவே அந்த ரெண்டு மட்டும் லேசாக ஒலித்தன.

மணலைச் சாக்கில் கட்டி மூன்றாம் கட்டில் வைத்திருக்கிறேன். பின்கட்டு ஜன்னல்களில் நான்கு கொக்கி இல்லை. வருகிற பங்குனிக்கு ஆசாரி அண்ணனிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.