குச்சிக்குத் தண்ணீர்

பிப்ரவரி 9
ரோஜா வெறும் வேரோடு வந்திருக்கிறது. இலை இல்லை, மண் இல்லை, முள் மட்டும் நிறைய. இரண்டு மணி நேரம் வாளியில் ஊறப் போட்டேன். அம்மா ஜன்னலிலிருந்து, "ஏண்டி, விறகைக் குளிப்பாட்டுறியா?"

பிப்ரவரி 10
பழைய ரோஜா பட்டுப்போன குழியில் புதுசை வைத்தால் தேறாதாம். ஆனால் அம்மா கட்டிலில் படுத்தபடி பார்த்தால் தெரிவது அந்த இடம் ஒன்றுதான். குழி மண்ணை முழுக்க அள்ளிக் கொட்டிவிட்டு வேறு மண் நிரப்பினேன். ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்குள் இரண்டு விரல் இறங்கியிருக்கிறது. இடுப்பு போயிற்று.

மார்ச் 2
துளிர் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோனும் இல்லை.

மார்ச் 6
தூக்கம் வராமல், இங்கிலாந்தில் தோட்டங்கள் வடிவமைத்த கெர்ட்ரூட் ஜெக்கிலைப் படித்துக்கொண்டிருந்தேன். மன்ஸ்டெட் வுட் என்ற அவருடைய வீட்டுத் தோட்டத்தில் பூப்பாத்தி 200 அடி நீளம், 14 அடி அகலம். இரண்டு ஓரத்திலும் நீலம், வெளிர் நிறங்கள். நடுவே போகப் போக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. கிட்டப்பார்வை முற்றி, ஓவியத்தையும் தையலையும் விட்டவர் போட்ட கணக்கு இது. எனக்கு இருப்பது 12 அடி. சிவப்பு வைத்தால் நீலத்துக்கு இடமில்லை. நீலத்துக்கு டெல்ஃபினியம் வைத்தால் நத்தைகளுக்குக் கொண்டாட்டம். மூன்று தாள் கிழித்தாயிற்று.

மார்ச் 7
அம்மாவுக்கு மூச்சு வாங்கல். தோட்டத்துப் பக்கம் போகவில்லை.

மார்ச் 19
நகத்தால் பட்டையைச் சுரண்டினேன். உள்ளே பச்சை!

மார்ச் 23
இன்றும் சுரண்டினேன். "கிளறிக்கிட்டே இருந்தா ஆறுமாடி?" என்றாள் அம்மா. செடியைத்தான் சொல்கிறாள்.

மே 30
ஃபாக்ஸ்கிளவ் விதைத்தேன். தூசி போல விதை. மண் போட்டு மூடக் கூடாது, வெளிச்சம் பட வேண்டும். செடி முழுக்க விஷம். ஆனாலும் 1785இல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை மருந்தென்று எழுதினார். அம்மா காலையில் போடும் இதய மாத்திரை டிகாக்ஸினும் இந்தக் குடும்பத்துச் செடியிலிருந்து வந்ததுதான். சொன்னதும் மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பூத்ததும் கூப்பிடு."

இந்த வருடம் இலை மட்டும்தான். அதைச் சொல்லவில்லை.

ஜூன் 11
ஒட்டுக்குக் கீழிருந்து காட்டுக் கிளை. வெட்டினால் மறுபடி வரும். மண்ணைத் தோண்டி, அடியோடு பிய்த்தேன். கையெல்லாம் முள்.

ஜூன் 14
மொட்டு. ஒன்றே ஒன்று.

ஜூன் 17
ஃபோன் வந்தது. காலை 8 மணிக்குள் வந்துவிட வேண்டுமாம். மொட்டின் நுனியில் வெள்ளை தெரிகிறது. காம்பில் அசுவினிப் பூச்சி, விரலால் நசுக்கினேன். கண்ணாடி, மாத்திரை டப்பா, இரண்டு சேலை எடுத்து வைத்தாயிற்று. விதைத் தட்டுக்குத் தண்ணீர் தெளிக்க யாரிடமாவது சொல்ல வேண்டும்.